வாலைத் தூக்கும் இடம்

மாடு மேய்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். வழியெல்லாம் சும்மா நடந்து வருகிற மாடு, ஆற்றில் கால் நனைந்ததும் வாலைத் தூக்கும். சாணி போடும், மூத்திரம் பெய்யும், அப்புறம்தான் குனிந்து தண்ணீர் குடிக்கும். "குளுந்தாக் கொடல் எளகுமுங்" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

நான் கால்நடை ஆய்வாளராக 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் இல்லை. ஆனால் கையில் ஊசி வைத்திருக்கும் எல்லோரும் ஊரில் டாக்டர்தான், அதனால் எனக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. இருப்பது கொடிவேரி அணைக்குக் கீழே, பவானி ஆற்றங்கரையில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். படிப்பவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

ஓய்வு பெற்ற வருடம் சித்திரை மாதம், பொழுது போகாமல், படித்துறைக்குப் பக்கத்துப் புங்கமரத்தடியில் ஒரு நோட்டோடு போய் உட்கார்ந்தேன். காலை ஆறு மணியில் இருந்து ஒன்பது மணி வரை. 38 உருப்படி இறங்கின. அதில் 21 தண்ணீருக்குள்ளேயே சாணி போட்டன. மறுநாளும் போனேன், கிட்டத்தட்ட அதே கணக்கு. மூன்றாம் நாள் டீக்கடையில் "டாக்டரு பென்சன் வாங்கிட்டுச் சாணி எண்ணிட்டிருக்காரு" என்று பேச்சு வந்துவிட்டது. நோட்டை மூடிவிட்டேன்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த என் மகளிடம் போனில் இதைச் சொன்னபோது அவளும் முதலில் சிரித்தாள். ராத்திரி ஒரு ஆய்வுக் கட்டுரையை அனுப்பி வைத்தாள். நியூசிலாந்தின் தென் தீவில் ஷெர்ரி என்றொரு சின்ன ஆறு. 246 மாடுகள் உள்ள மந்தை ஒன்று பால் கறக்க அந்த ஆற்றைக் கடந்து போக வேண்டும். மாடுகள் கடக்கும்போது கீழ்ப்பக்கம் நின்று தண்ணீரைப் பிடித்து அளந்திருக்கிறார்கள். நூறு மில்லி தண்ணீரில், சாணியோடு வரும் ஈ.கோலி கிருமி 50,000 வரை போயிருக்கிறது. எனக்குப் பிடித்த கணக்கு வேறு. பாதையில் ஒரு மீட்டர் நடக்கும்போது போடும் சாணியைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு, ஆற்றில் ஒரு மீட்டர் நடக்கும்போது போடுகின்றனவாம். 2004-ல் வெளிவந்த கட்டுரை. ஆக, உலகத்தில் சாணி எண்ணிய முதல் ஆள் நான் இல்லை. அந்தப் பள்ளத்தாக்குப் பண்ணைக்காரர்கள் பிற்பாடு மாடு கடக்கும் இடங்களில் பாலம் போட்டுக்கொண்டார்கள்.

சரி, அவர்கள் பாலம் போட்டார்கள். நம் ஊரில் மாடு ஆற்றைக் கடக்கவா வருகிறது? குடிக்க வருகிறது, குளிக்க வருகிறது. நாலு மாடு வைத்துக்கொண்டு லிட்டர் 38 ரூபாய்க்குச் சங்கத்தில் பால் ஊற்றுகிற குடும்பத்துக்கு எந்தப் பாலத்தைக் கட்டச் சொல்வது?

சாணி எரு தானே, ஆற்றில் போனால் என்ன கெட்டுவிடும் என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. வயலில் எரு, ஆற்றில் அது தீனி. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் சாணியைத் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவையும் சேர்த்துத் தீர்த்துவிடும். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகும்போது இது வெளியே தெரியாது. பவானிசாகரில் இருந்து விடுகிற தண்ணீர் குறைந்து, ஆறு அங்கங்கே மடுவாகத் தேங்கும் பங்குனி சித்திரையில் பாருங்கள். விடியற்காலையில் கெண்டையும் ஜிலேபியும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ராத்திரி முழுக்க மூச்சு முட்டியிருக்கிறது என்று அர்த்தம். மிச்சம் இருக்கும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும், அதாவது நைட்ரஜனையும் பாஸ்பரஸையும், ஆகாயத்தாமரை பிடித்துக்கொண்டு கரையை மூடும்.

சாணியைவிட மோசமானது பால். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. திரிந்துபோன பால், மடிநோய் வந்த மாட்டின் பால், கேன் கழுவிய தண்ணீர் எல்லாம் வாய்க்காலில்தான் போகும். தண்ணீரில் இருந்து பிராணவாயுவை உறிஞ்சும் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பால் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் முந்நூறு லிட்டருக்குச் சமம். பால் அவ்வளவு சத்துள்ளது, அதுதான் காரணம்.

இதையெல்லாம் ஒரு தடவை பால் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். அழகாகத்தான் பேசினேன். கடைசியில் ஒருவர் கேட்டார்: "சாயப்பட்டறைய உட்டுப்போட்டு எங்க மாட்டப் புடிச்சீங்களாக்கும்?" கூட்டம் சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை, ஏனென்றால் கேள்வி நியாயமானது. பக்கத்து நொய்யலில் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி, அது சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது அது. அதற்குப் பக்கத்தில் நாலு மாட்டுச் சாணியை வைத்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஆற்றுக்காக ஒரு காரியம் செய் என்று மாட்டுக்காரரிடம் சொல்வதே தப்பு. ஆறு அவருக்கு மட்டும் சொந்தமா? மாடு அவருக்குச் சொந்தம். அதைப் பற்றிப் பேச வேண்டும்.

அதற்கு முன்னால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் சாண எரிவாயுக் கலன் போடச் சொல்லி வீடு வீடாக நடந்தவன் நான். ஆற்றோரம் ஐந்து மாடு வைத்திருந்த ஒருவருக்கு மானியத்தில் தீனபந்து வகைக் கலன் ஒன்று, 2 கன மீட்டர் அளவு, முன்னே நின்று போட்டுக் கொடுத்தேன். தினமும் 50 கிலோ சாணி, அதற்குச் சமமாகத் தண்ணீர். நீல நிறத்தில் அடுப்பு எரிந்தது, அவர் வீட்டம்மா எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார், எல்லாம் நன்றாக நடந்தது.

ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. தினம் நூறு கிலோ உள்ளே போனால், வாயு போக மீதி அத்தனையும் கூழாக வெளியே வந்தாக வேண்டும். நான் வாயுவை மட்டும் கணக்குப் போட்டேன். கூழ் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. வெளிவாய் ஆற்றுச் சரிவைப் பார்த்து இருந்தது, அங்கேதான் இடம் இருந்தது. கெட்டிச் சாணியாகக் குவித்து வைத்திருந்த காலத்தில் மழை வந்தால் குப்பைமேட்டின் ஓரம் கொஞ்சம் கரையும். இப்போது அத்தனையும் கூழ். ஒரே ராத்திரி மழையில் சரிவெல்லாம் பச்சைக் கோடு இழுத்துக்கொண்டு படித்துறைக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் துணி துவைக்கப் போன பெண்கள் என்னைத் திட்டியதை எழுத முடியாது. கலனுக்குள் போய் வந்ததால் சாணியில் உள்ள தழைச்சத்து எங்கேயும் போய்விடுவதில்லை, செடிக்குச் சீக்கிரம் கிடைக்கும்படி மாறுகிறது, அவ்வளவுதான். ஆகாயத்தாமரையும் செடிதானே.

அப்புறம் அதைச் சரி செய்தோம். வெளிவாயை மேட்டுப் பக்கம் திருப்ப முடியாது, அதனால் சரிவின் குறுக்கே இரண்டு குழி வெட்டி, கரும்புச் சோகையையும் தென்னைநார்க் கழிவையும் அடியில் போட்டோம். கூழை அது குடித்துக்கொள்ளும். ஒரு குழி நிறைந்தால் அடுத்தது. காய்ந்ததை மஞ்சள் காட்டுக்கு அள்ளினார். எங்கள் பக்கம் எருவையே குப்பை என்போம், "ஒரு வண்டி குப்பை என்ன விலை" என்று விசாரிப்போம். குப்பைக்கு விலை உள்ள ஊரில் அதை ஆற்றில் விட்டது என் புண்ணியம்.

இன்னொன்று உண்ணி மருந்து. கடையில் கிடைக்கிற டெல்டாமெத்ரின் மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்து மாட்டின் மேல் தடவ வேண்டும். தடவி நிழலில் கட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் நாலு மில்லியாகத் தடவி, உடனே ஆற்றுக்கு ஓட்டிப்போய்க் கழுவுவார்கள். மருந்தும் வேலை செய்யாது, மீனும் சாகும். அளவோடு தடவினால் அந்த மருந்து மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, மீனுக்கும் தண்ணீர்ப் பூச்சிக்கும் துளி போதும். மேலே மிதந்த குஞ்சுகளைப் பையன்கள் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். இப்போது நான் சொல்வது பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை எல்லாம் அரைத்து, தண்ணீர் கலந்து வடிகட்டித் துணியில் தொட்டுத் துடைப்பது. நேரம் பிடிக்கும். மருந்தே தடவித்தான் ஆக வேண்டும் என்றால் அன்றைக்கு மாட்டை ஆற்றில் இறக்காதே, காலி டப்பாவை வாய்க்காலில் அலசாதே. இந்த இரண்டையும் கேட்டுவிட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இப்போது பெரியம்மாவிடம் வருகிறேன். அவர் எனக்குத் தூரத்து உறவு, எழுபதைத் தாண்டியவர். நாலு கலப்பின மாடு, ஒரு எருமை. ஆற்றங்கரையை ஒட்டி முக்கால் ஏக்கர், அதில் ஒரு கிணறு. காலையும் சாயங்காலமும் உருப்படிகளை ஆற்றுக்கு ஓட்டிப்போவார். கரையோரம் பசுமையாக இருக்கும் புல்லில் ஒரு மணி நேரம் மேய்ச்சல். சங்கக் கூட்டத்தில் நான் பேசியபோது முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கியவர் அவர்.

ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். செவலை மாடு இளைத்துப்போய் நின்றது. கழிச்சல். கண் இமையை விலக்கிப் பார்த்தால் வெளுத்திருந்தது. தாடைக்குக் கீழே பை கட்டித் தொங்கவிட்ட மாதிரி நீர் கோத்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, தட்டைப்புழு. ஆனாலும் சாணியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு அவரையும் ஸ்கூட்டரில் ஏற்றி மருந்தகத்துக்குப் போனேன். இப்போது இருக்கும் டாக்டரம்மா பொறுமையானவர். நுண்ணோக்கியில் வைத்து, "பாட்டி, இங்க ஒரு கண்ண மூடிட்டுப் பாருங்க" என்றார்.

பெரியம்மா வெகு நேரம் பார்த்தார். "நெல்லுமணியாட்டம் மஞ்சளா இருக்குதே."

"அதுதான் முட்டை" என்றேன்.

"இது எம்மாட்டுக்குள்ள எப்படிப் போச்சு?"

திரும்பி வரும்போது ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திக் காட்டினேன். கரையோரச் சேற்றில் சின்னச் சின்ன நத்தைகள். மாட்டின் கல்லீரலில் இருக்கும் புழு முட்டையிடும், முட்டை சாணியில் வரும், சாணி தண்ணீரில் விழுந்தால் முட்டை பொரியும். பொரிந்தது நத்தைக்குள் நுழையும். ஒன்றாக நுழைந்து நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே வரும். வந்து, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லைத்தான் மாடு ஆசையாகக் கடிக்கிறது. மாடு, சாணி, ஆறு, நத்தை, புல், மறுபடி மாடு. சாணி தண்ணீருக்குள் விழவில்லை என்றால் இந்த வட்டம் சுற்றாது.

பெரியம்மா நத்தையைக் காலால் புரட்டிப் பார்த்தார். "அப்ப நான் போட்டதையே நான் திங்கறேன்" என்றார். 34 வருடம் குடற்புழு நீக்க முகாம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

புழு மருந்து கொடுத்தோம். அதோடு, தண்ணீருக்கு வேறு வழி செய்தால் ஆற்றுக்கு ஓட்டவே வேண்டாமே என்று பேச்சை எடுத்தேன். கட்டுத்தரையில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அரைத் தொட்டித் தண்ணீர், மேலே தவிடு மிதந்து, அடியில் பாசி. மாடு முகர்ந்து பார்த்துத் திரும்பிக்கொள்ளும். நாளைக்குப் பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு கோடையில் அறுபது எழுபது லிட்டர் குடிக்கும். பாலே முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தானே. இந்தத் தொட்டியில் அது எங்கே குடிக்கும்?

"ஆத்தப் பாத்த மாடு தொட்டியில வாய் வெக்குமா தம்பி?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, மகள் அனுப்பிய இன்னொரு கட்டுரை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் செய்த ஆய்வு, 1997-ல் வெளியானது. ஓடையும் திறந்து கிடக்கிறது, மேட்டில் தொட்டியும் இருக்கிறது, நடுவில் வேலி கிடையாது. மாடுகள் நூற்றுக்கு 92 தடவை தொட்டியில்தான் குடித்தன. கால் வழுக்காத சமதரையும் தெளிந்த தண்ணீரும் இருந்தால் மாடு சரிவில் இறங்கிச் சேற்றில் நிற்க விரும்பாது. கரை அரிப்பே 77 சதவீதம் குறைந்துபோயிருக்கிறது.

"அமெரிக்கா மாட்டுக்கு அது செரி. எம்மாடு அமெரிக்காவுலயா இருக்குது?"

வாதாடவில்லை. சிமெண்ட் உறை இரண்டு வாங்கினோம், கிணற்றுக்கு இறக்குகிற மூன்றடி விட்டத்து உறைதான். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து அடியைப் பூசினால் முந்நூற்றைம்பது லிட்டர் பிடிக்கும். அந்த அளவு வேண்டும், ஏனென்றால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும், மிச்ச நேரத்துக்குத் தொட்டியில் இருப்பதுதான். நிறைந்ததும் தானாக நின்றுகொள்ள ஒரு மிதவை வால்வு. அதை மாடு நக்கி உடைக்காமல் இருக்க மேலே ஒரு கல் பலகை. தொட்டியைச் சுற்றி உடைகல் போட்டுக் கெட்டித்தோம், இல்லாவிட்டால் அங்கேயே சேறாகி இன்னொரு நத்தைப் பண்ணை ஆகிவிடும். வேப்பமர நிழலில் வைத்தோம். வெயிலில் காய்ந்து சுடுகிற தண்ணீரை எந்த மாடும் விரும்பாது. எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கவிழ்க்க முடியாத அந்தத் தொட்டியை ஞாயிற்றுக்கிழமை தோறும் மொண்டு காலி செய்து, தேய்த்து, உள்ளே சுண்ணாம்பு அடிப்பது பேரனின் வேலை. பாசியும் பிடிக்காது, கொசுப்புழுவும் தங்காது. மொண்ட தண்ணீர் தீவனப் புல்லுக்கு.

இரண்டு நாள் மாடுகள் பழக்கதோஷத்தில் ஆற்றுப் பாதையைப் பார்த்துக் கத்தின. மூன்றாம் நாள் கத்தவில்லை.

கறவையில் இருந்த இரண்டு மாடுகளும் சேர்த்து அந்தச் சித்திரையில் நாளைக்கு ஒரு லிட்டர் கூட்டிக் கொடுத்தன. தொட்டியால்தான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன், புழு மருந்தும் கொடுத்திருந்தோமே. ஆனால் ஒரு லிட்டர் என்றால் மாதம் ஆயிரத்துச் சொச்சம். மூன்று மாதத்தில் உறைக் காசு வந்துவிட்டது. பெரியம்மாவுக்கு அதைவிடப் பெரிய லாபம் முழங்கால். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆற்றுச் சரிவில் ஏறி இறங்க வேண்டியதில்லை. நான் எந்தக் கூட்டத்திலும் முழங்காலைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. பெரியம்மா பால் ஊற்ற வரும் இடத்தில் பேசியதே போதுமாக இருந்தது. இப்போது ஆற்றோரத்தில் பதினொரு கட்டுத்தரையில் உறைத்தொட்டி இருக்கிறது. மாடு கரைக்குப் போவது நின்றதும் சில பேர் கரையோரத்தில் கோ-5 தீவனப் புல் நட்டார்கள், இரண்டு பாத்தி அகலத்துக்கு. கட்டுத்தரை கழுவிய தண்ணீர் அந்தப் பட்டையைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். புல் அடர்த்தியில் தண்ணீர் வேகம் குறைந்து கசடு தங்கிவிடும், கரைந்த சத்தை வேர் இழுத்துக்கொள்ளும், புல்லும் ஆளுயரம் வரும். அறுத்துப் போட்டால் அதே சத்து மாட்டுக்குத் திரும்புகிறது. வெளிப்பக்கம் கிளுவை நட்டோம். கம்பி வேலி போடக் காசு யாரிடம் இருக்கிறது? காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிலும் முள்கிளுவையை நட்டு மாட்டைத் தலைமுறை தலைமுறையாக உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இங்கே அதே கிளுவை மாட்டை வெளியே நிறுத்துகிறது. மழைக்கு முன்னால் கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றினால் போதும்.

கட்டுத்தரை கழுவுவதிலும் ஒரு சின்ன மாற்றம். முதலில் சாணியை வழித்து அள்ளு, அப்புறம் துடைப்பம், கடைசியில்தான் தண்ணீர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 150 லிட்டர் தண்ணீர் என்று எல்லை வைத்திருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுச் சாணியை அடித்துத் தள்ளுகிறவர்கள் அதைக் காலையிலேயே தாண்டிவிடுவார்கள். ஒரு மாடு நாளைக்குப் பதினைந்து இருபது கிலோ போடுகிறது. அதைக் கெட்டியாக அள்ளினால் குப்பை, கரைத்துவிட்டால் சாக்கடை.

எல்லோருக்கும் இந்தக் கதை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நிலமே இல்லாமல் இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் எங்கே தொட்டி வைப்பார்கள், எங்கே குழி வெட்டுவார்கள்? ஆற்றுப் புறம்போக்கில்தான் கட்டுத்தரை, அங்கேயே குப்பைமேடு, அங்கேயே ஒரு சாளை, அதாவது குடிசை. ஊரில் அவர்களுக்கு விலையில்லாமல் கிடைக்கிற ஒரே இடம் ஆற்றங்கரை. கரையைக் காலி பண்ணு என்று சட்டம் பேசுவது சுலபம், பேசியும் பார்த்தார்கள். காலி செய்தவர்கள் ஆறு மாதம் கழித்து நூறடி தள்ளி அதே கரையில் கட்டினார்கள். வேறு எங்கே போவார்கள்?

அவர்களுக்காகத்தான் கல்தொட்டியைத் தேடினோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊர்ப் பொதுக்கிணற்றடியில் ஒரே கல்லில் குடைந்த நீளமான தொட்டி ஒன்று இருந்தது. யாரோ ஒரு பாட்டி தன் புருஷன் நினைவாகச் செய்து வைத்தது என்பார்கள். அதற்குப் பக்கத்தில் மாடு உடம்பு தேய்த்துக்கொள்ள ஆளுயரக் கல் ஒன்று, ஆவுரிஞ்சு கல். முப்பத்திரண்டு அறத்தில் ஒன்றாக எண்ணுவார்களே, அதுதான். சத்திரம் கட்டுவதும் மாட்டுக்குத் தினவு தீர்க்கக் கல் நடுவதும் ஒரே வரிசையில் வைத்த ஊர். கிணறு மூடியதும் தொட்டி எங்கேயோ போய்விட்டது. தேடினால், கோயில் மதிலுக்குப் பின்னால், மண் நிரப்பி அரளி வைத்திருந்தார்கள். பூசாரிக்கு அரளியை விட மனமில்லை. அவருக்கு இரண்டு சிமெண்ட் தொட்டி வாங்கிக் கொடுத்து, எட்டுப் பேர் சேர்ந்து கல்லைத் தூக்கி வந்து, புறம்போக்குக்கு மேலே ஆழ்குழாய்க் குழாயடியில் வைத்தோம். அதற்குத் தண்ணீர் விடுவதும் கழுவுவதும் யார் முறை என்று வாரா வாரம் சண்டை நடக்கிறது. நடக்கட்டும், தொட்டி காலியாக இருந்த நாள் குறைவு. குப்பைமேட்டை மட்டும் இன்னும் நகர்த்த முடியவில்லை. மழைக்கு முன்னால் டிராக்டர் பேசி ஒரே தடவையாக விற்றுவிடச் சொல்லியிருக்கிறேன்.

போன சித்திரையில் மறுபடி அதே புங்கமரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்தேன். 38 இறங்கிய இடத்தில் 14. ஆறு சுத்தமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மேலே ஊர்களின் சாக்கடை அப்படியேதான் வருகிறது. எங்கள் படித்துறையில் நீரோரத்துப் புல் திரும்ப முளைத்திருக்கிறது, மாட்டுக் குளம்பு மிதித்துச் சரிந்த கரை கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பதினான்கில் பாதிக்கு மேல் எருமை. எருமைக்குத் தொட்டி போதாது. மாட்டைப் போல எருமைக்கு வியர்க்காது, கருந்தோல் வேறு, வெயில் ஏறினால் அது தண்ணீரில் படுத்தே ஆக வேண்டும். படுக்காவிட்டால் பால் குறையும், பருவத்துக்கும் வராது. கட்டுத்தரைக்குப் பக்கத்தில் குட்டை வெட்டலாம் என்று பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். முக்கால் ஏக்கரில் குட்டை வெட்டினால் நான் எங்கே படுப்பது என்று கேட்டார். நியாயம்தான், விட்டுவிட்டேன்.

நோட்டோடு உட்கார்ந்திருந்த அன்றைக்குப் பத்து மணிக்கு எருமையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சரிவில் இறங்கவில்லை. மேலேயே நிறுத்தினார். கையில் ஒரு வாளித் தண்ணீர், இடுப்பில் சாணிக்கூடை. சொம்பில் மொண்டு எருமையின் முன்னங்காலில் ஊற்றினார், அப்புறம் பின்னங்காலில். எருமை அசையாமல் நின்றது. இன்னொரு சொம்பு. வால் மெதுவாகத் தூக்கியது.

பெரியம்மா கூடையை நீட்டிப் பிடித்து, கூடை நிறைந்ததும் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை விட்டார். எருமை சரிவில் இறங்கி, மடுவில் மூக்கு மட்டும் தெரியப் படுத்துக்கொண்டது.

"நாலு நாளைக்கு ஒருக்கா ஏமாத்திப்போடுது" என்றார். "உன் நோட்டுல அதையுஞ் சேத்து எழுதிக்க."